பழைய கார் ஹீட் ஆகுதா? ₹45,000 செலவு பண்றதுக்கு முன்னாடி இந்த வரிசையில செக் பண்ணுங்க



போன மாசம் என் மச்சினன் போன் பண்ணான். "மாமா, கார் முடிஞ்சு போச்சு. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சாம், ஹெட் இறக்கி ஃபேஸிங் பண்ணணுமாம். 45,000 கேக்குறாங்க. பேசாம இதை வித்துட்டு புதுசு எடுத்துடலாம்னு இருக்கேன்."

12 வருஷம் ஓடின பெட்ரோல் கார். இன்னைக்கு வித்தா ஒன்றரை லட்சம் கிடைக்கும். புதுசுக்கு 6 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 வருஷம்னு ஷோரூம்ல கணக்கு போட்டுக் குடுத்துட்டாங்க. மாசம் சுமார் ₹12,600 இஎம்ஐ. வட்டி மட்டுமே ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ரெண்டு மாசம் முன்னாடிதான் அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கு.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "மாப்ள, எப்போ ஹீட் ஆகுது?"

முதல் கேள்வி: எப்போ?

இன்ஜின் ஹீட் ஆகுறதுக்குப் பல காரணம் இருக்கு. ஆனா எந்த நேரத்துல ஆகுதுங்கிறதை வெச்சே பாதியைக் கழிச்சுடலாம்.

• டிராஃபிக்லயும் சிக்னல்லயும் மட்டும் முள் ஏறுது, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்குது: ரேடியேட்டர் ஃபேன் மேலதான் முதல் சந்தேகம். வண்டி ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரைக் குளிர வெச்சுடும். நிக்கும்போது ஃபேன் மட்டும்தான் துணை.

• ஹைவேயில, ஏத்தத்துல ஹீட் ஆகுது: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், கூலன்ட் குறைவு.

• காலையில ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷத்துலயே முள் சிவப்புக்குப் போகுது: தெர்மோஸ்டாட் திறக்காம மாட்டியிருக்கலாம், கூலன்ட் ரொம்பக் குறைஞ்சிருக்கலாம், உள்ளே காத்து அடைச்சிருக்கலாம்.

• வெளியே எங்கேயும் லீக் இல்லை, ஆனா கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே இருக்கு: இப்போதான் ஹெட் கேஸ்கெட் பத்தி யோசிக்கணும்.

மச்சினன் சொன்னது: "காந்திபுரம் சிக்னல்ல ஏறுது மாமா. நீலம்பூர் பைபாஸ்ல போனா ஒண்ணுமே இல்லை." இது முதல் வகை. அப்போ 45,000 ரூபா வேலைக்கு ஏன் நேரா போகணும்?

செக் பண்ற வரிசை: கம்மி செலவுல இருந்து மேல

ஆடிட்ல நாங்க பண்ற மாதிரிதான். சுலபமா பார்க்கக் கூடியதை முதல்ல பார்த்துடணும்.

1. கூலன்ட் அளவு. இன்ஜின் முழுசா ஆறின பிறகு, காலையில பாருங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்துல இருக்கிற கொதிநீர் முகத்துல அடிக்கும். கூலன்ட் துருப்பிடிச்ச நிறத்துல இருந்தா, யாரோ ரொம்ப நாளா வெறும் பைப் தண்ணி ஊத்தி ஓட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

2. ரேடியேட்டர் மூடி. சில நூறு ரூபா சாமான், பலரும் மறந்துடுவாங்க. இது சிஸ்டத்துக்குள்ள சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கும். அதனாலதான் 100 டிகிரியில கொதிக்கிற தண்ணி சுமார் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காம இருக்கு. மூடியோட ரப்பர் போயிட்டா கூலன்ட் சீக்கிரமே கொதிச்சு வெளியே வந்துடும்.

3. ஃபேன். பெரும்பாலான கார்கள்ல ஏசி போட்டா ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார், சென்சார்னு வரிசையா பார்க்கணும். மோட்டாருக்கு நேரா பேட்டரி கரண்ட் குடுத்துப் பார்த்தா 5 நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

4. தெர்மோஸ்டாட். இன்ஜின் நல்லா சூடான பிறகும் ரேடியேட்டருக்குப் போற ஹோஸ் ஆறியே இருந்தா, அது திறக்கலைன்னு அர்த்தம்.

5. ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் லீக்.

6. கடைசியாத்தான் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியில பால் கலந்த மாதிரி படிவு, சைலன்சர்ல நிக்காத வெள்ளைப் புகை, கூலன்ட் டேங்க்ல தொடர்ந்து குமிழி. இதெல்லாம் அறிகுறி மட்டும்தான். உறுதி பண்ண கம்ப்ரஷன் டெஸ்ட் இருக்கு. கூலன்ட்ல எரிவாயு கலந்திருக்கான்னு நிறம் மாறுற திரவத்தை வெச்சுப் பார்க்கிற டெஸ்ட்டும் இருக்கு. டெஸ்ட் ரிசல்ட் இல்லாம ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீங்க.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா போதும் சார்"

இந்த யோசனை நிறைய இடத்துல வரும். அப்போதைக்கு ஹீட் குறையலாம். ஆனா இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம ஓடும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஒரு உதாரணக் கணக்கு: மாசம் 1,000 கிமீ ஓட்டுறீங்க, மைலேஜ் 16-ல இருந்து 14 ஆகுதுன்னு வெச்சுக்கோங்க. மாசம் 9 லிட்டர் கூடுதல். லிட்டர் ₹100-ன்னா வருஷத்துக்கு ₹10,000-க்கு மேல. ஆயிரம், ரெண்டாயிரம் ரூபா பார்ட்டை மிச்சம் பண்ணப் போய் இவ்வளவு நஷ்டம்.

முள் ஏறினா உடனே என்ன பண்ணணும்?

ஏசியை ஆஃப் பண்ணி ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்க்கும், ஆனா இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் வெளியே எடுக்கும். பாதுகாப்பான இடத்துல நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. சூடான இன்ஜின் மேல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, விரிசல் விடலாம். "இன்னும் 3 கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிடலாம்"னு ஓட்டுறதுதான் நாலாயிரம் ரூபா ரிப்பேரை நாப்பதாயிரம் ஆக்குது.

இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில மெக்கானிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது.

ரிப்பேரா, விற்பனையா?

காரை எவ்வளவுக்கு வாங்கினீங்க, போன வருஷம் எவ்வளவு செலவு பண்ணீங்கங்கிறதை மறந்துடுங்க. அது போன பணம். இப்போ கேட்க வேண்டியது ரெண்டுதான். இந்த ரிப்பேருக்கு அப்புறம் வண்டி இன்னும் எத்தனை மாசம் ஓடும்? அத்தனை மாசத்துக்குப் புது வண்டி இஎம்ஐ எவ்வளவு? 45,000 ரூபா உண்மையிலேயே தேவைப்பட்டாலும், அது மூணரை மாச இஎம்ஐ-தான். பாடி துருப்பிடிச்சு, கியர்பாக்ஸும் தகராறு பண்ற வண்டின்னா கணக்கு வேற. அப்போ வித்துடுறதே நல்லது.

மச்சினன் வண்டியை வேற மெக்கானிக்கிட்ட காட்டினோம். ஃபேன் மோட்டார்ல கார்பன் பிரஷ் தேய்ஞ்சு போயிருந்தது. மோட்டார், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து ₹4,300. சிவப்புல முள் இருக்கும்போது கொஞ்ச தூரம் ஓட்டியிருக்கான்ங்கிறதால, ₹600 குடுத்து கேஸ்கெட் டெஸ்ட்டும் எடுத்தோம். நல்ல வேளை, ஒண்ணும் இல்லை. அந்த டெஸ்ட் வேற மாதிரி வந்திருந்தா நானும் வேற கணக்குதான் போட்டிருப்பேன்.

எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் பார்ட் வாரியா எழுதின பில்லையும், கழட்டின பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்க. பழைய கார் வாங்கப் போறவங்க, இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்க. ஏசி போட்டு டிராஃபிக்ல அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

புது வண்டி லோன் கணக்கை நம்ம சேனல்ல தனி வீடியோவா போட்டிருக்கேன். உங்க வண்டி எப்போ ஹீட் ஆகுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க, பேசலாம்.