குறையில்லாத பையன்



நாடகத்தில் நல்ல பிள்ளை ஒருவன் வரவேண்டும் என்று விரும்பாத தாய் தகப்பன் இல்லை. மாலையில் பிள்ளைகள் டெலிவிஷன் முன்னால் உட்காரும்போது, பொய் சொல்லாதவனும், பெரியவர்களுக்குப் பணிகிறவனும், படிப்பில் முதல்வனுமாகிய ஒரு பையன் அதில் தோன்றினால் நமக்கு மனம் குளிருகிறது. ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள். அப்படிப்பட்ட பையனைக் கண்டால்தான் பார்ப்பவர்களுக்குச் சில வேளை அடங்காத எரிச்சல் மூளுகிறது. திருடனையும் கொலைகாரனையும் சகித்துக்கொண்டு கதை பார்க்கிறவர்கள், இந்தச் சம்மனசுப் பிள்ளையைச் சகிப்பதில்லை. இது ஏன்?

மனிதருடைய கெட்ட சுபாவம் நன்மையைப் பகைக்கிறது என்று சட்டென்று பதில் சொல்லிவிடலாம். சுலபமான பதில்தான். ஆனால் அது முழுதும் சரியல்ல என்பது, அமெரிக்க தேசத்து நாடகம் ஒன்றின் சரித்திரத்தைப் பார்த்தால் விளங்கும்.

1966-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அந்த நாட்டு டெலிவிஷனில் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடர் ஆரம்பமாயிற்று. வரப்போகிற நூற்றாண்டுகளில் எண்டர்பிரைஸ் என்ற கப்பல் நட்சத்திரங்களுக்கிடையே யாத்திரை செய்வதாகக் கதை. கிர்க் என்பவர் அதன் தலைவர், ஸ்பாக் என்பவர் உணர்ச்சியை அடக்கி ஆளும் வேற்றுலக இனத்தில் பாதி பிறந்தவர், மெக்காய் வைத்தியர், ஸ்காட் இயந்திரங்களைக் கவனிப்பவர். மூன்று பருவங்கள் ஓடி 1969-ல் தொடர் நின்றுபோயிற்று. ஆனால் ரசிகர்கள் அதை விடவில்லை. தாங்களே புதுக் கதைகள் எழுதி, டைப் அடித்து, பிரதி எடுத்து, சிறு பத்திரிகைகளாகத் தைத்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தக் கதைகளில் அடிக்கடி ஒரு புதுப் பெண் வருவாள். வயதில் மிக இளையவள், அழகி, மேதை. கப்பலுக்கு வந்த அன்றே எல்லாருடைய மனத்தையும் கவர்ந்துவிடுவாள். இந்த வழக்கத்தைக் கண்டு சலித்த பவுலா ஸ்மித் என்னும் ரசிகை, 1973-ல் 'மெனாஜெரி' என்ற சிறு பத்திரிகையில் ஒரு கேலிக் கதை எழுதினார். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும் அளவுக்குச் சின்னக் கதை. அதன் நாயகி மேரி சூ. வயது பதினைந்தரை, கப்பற்படையிலேயே மிக இளைய லெப்டினென்ட்! தலைவர் அவளைக் கண்டதும் காதலிக்கிறார். கப்பலையும் அவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பகைவர் சிறையைத் தன் கொண்டை ஊசியால் திறந்துவிடுகிறாள். பெரியவர்கள் நாலுபேரும் நோயாய்ப் படுத்தபோது தனியாகக் கப்பலை ஓட்டுகிறாள். அதற்கு நோபெல் சமாதானப் பரிசும் பெறுகிறாள். கடைசியில் அவளும் நோயுற்று, எல்லாரும் தேம்பி அழ, அழகாகச் செத்துப்போகிறாள். அவள் பிறந்த நாள் இன்றைக்கும் அந்தக் கப்பலில் விடுமுறை தினமாம்!

வாசித்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஏனெனில் அநேகர் அதில் தங்கள் கதையையே கண்டார்கள். அன்று முதல் 'மேரி சூ' என்பது, அளவுக்கு மிஞ்சி உத்தமமாக எழுதப்பட்ட எந்தப் பாத்திரத்துக்கும் பொதுப் பெயராயிற்று. ஒன்று கவனியுங்கள்: அந்தப் பெண்கள் செய்தது குற்றமல்ல. விளையாட்டில் தன்னை ராஜாவாக வைத்துக்கொள்ளாத குழந்தை உண்டா? தனக்குப் பிரியமான கதைக்குள் தானும் நுழைய வேண்டும் என்ற ஆசை அது. சிரிப்பும் அன்பான சிரிப்புத்தான்.

இனிமேல்தான் விஷயம் கனமாகிறது. 1987-ம் ஆண்டு செப்டம்பரில் அதே தொடரின் அடுத்த தலைமுறைக் கதை புதிய நடிகர்களோடு தொடங்கிற்று. படைத்தவர் முதல் தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியே. அவருடைய முழுப் பெயர் யூஜீன் வெஸ்லி ராடன்பெரி. புதுக் கப்பலில் வைத்தியராய் இருக்கும் அம்மாளுக்கு ஒரு மகனைக் கொடுத்து, அவனுக்கு வெஸ்லி என்று தம் பெயரையே வைத்தார். ரசிகைகள் தபாலில் செய்ததை ஆசிரியரே தேசம் முழுவதும் பார்க்கச் செய்தார் என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

அந்த வெஸ்லி கிரஷர் எப்படிப்பட்டவன்? தகப்பனை இழந்தவன், தாய்க்கு அடங்கினவன், துஷ்டத்தனம் இல்லாதவன். பிள்ளைகள் என்றாலே முகம் சுளிக்கும் கப்பல் தலைவர் பிக்கார்ட், முதல் கதையிலேயே அவனைத் தம் நாற்காலியில் உட்காரவைக்க, அங்குள்ள கருவிகளெல்லாம் அவனுக்கு முன்பே தெரிந்திருக்கின்றன. அடுத்த கதையில், கப்பலில் உள்ளவர்கள் ஒரு தொற்று மயக்கத்தில் தடுமாறுகையில், அவன் செய்த உபாயம் கப்பலைத் தப்புவிக்கிறது. கொஞ்ச நாளில் வேற்றுலகப் பயணி ஒருவர் வந்து, சங்கீதத்துக்கு மொசார்ட் எப்படியோ தன் துறைக்கு இந்தப் பையன் அப்படி என்று தலைவரிடம் அந்தரங்கமாகச் சொல்லிப்போகிறார். பள்ளிக்கூடம் முடியாத பையனுக்கு அதிகாரி வேலை கிடைத்துவிடுகிறது.

1988 ஜனவரியில் வந்த ஒரு கதையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கப்பலில் டேட்டா என்ற இயந்திர மனிதர் உண்டு. அவரைப் போலவே செய்யப்பட்ட, துரோக புத்தியுள்ள லோர் என்னும் இன்னொரு இயந்திரம், டேட்டாவைப் போல வேஷமிட்டு எல்லாரையும் ஏமாற்றுகிறது. பையன் கண்டுகொண்டு எச்சரிக்கிறான். தலைவரும் அவனை வாயை மூடச் சொல்லுகிறார். பெற்ற தாயும் அப்படியே அதட்டுகிறாள். அந்த அதட்டலை ரசிகர்கள் பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்காய் வேடிக்கை மந்திரம்போல் சொல்லித் திரிந்தார்கள். பையன் சொன்னதோ உண்மை!

இதில்தான் எரிச்சலின் வேர் இருக்கிறது. மாதக்கணக்காய் டேட்டாவோடு பழகின அதிகாரிகள், அனுபவம் முதிர்ந்த தலைவர், கூர்மையான வைத்தியர் ஆகிய எல்லாரும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் குருடராக வேண்டியிருந்தது. எதற்காக? பையனுக்குக் கண் இருக்கிறது என்று காட்டுவதற்காக. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள்; இங்கே இலுப்பைப்பூவைச் சர்க்கரையாக்க, ஊரிலுள்ள ஆலையை எல்லாம் இடித்துவிட்டார்கள். பார்த்தவர்கள் வெறுத்தது பையனுடைய நற்குணத்தையல்ல. தங்களுக்குப் பிரியமான மற்றவர்களை மட்டந்தட்டி அவனை உயர்த்தினதை வெறுத்தார்கள். அந்த நற்குணத்துக்கு அவன் ஒரு விலையும் கொடுக்கவில்லை என்பதும் அவர்களுக்கு உறுத்திற்று. அதே பருவத்தில் பயிற்சிக் கழகத்துப் பரீட்சையில் அவன் தோற்றான், உண்மைதான். ஆனால் அங்கேயும் போட்டிக்கு வந்தவனுக்கு உதவி செய்கிற புண்ணியவானாகவே தோற்றான்.

தாய் தகப்பன்மாரே, நம் வீடுகளிலும் இது நடக்கிறதல்லவா? "பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளுக்கு முன் தூக்கிப் பிடிக்கிறோம். அந்தப் பையன் ஒரு பாவமும் அறியான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு அவனைக் கண்டாலே ஆகாமல் போய்விடுகிறது. பிறகு அவர்கள் பொறாமைக்காரர்கள் என்று நாமே கண்டிக்கிறோம்!

ரசிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். கேலி என்று தொடங்கியது பகையாய் வளர்ந்தது. கம்ப்யூட்டர் வழியாக ஜனங்கள் உரையாடத் தொடங்கிய அந்த ஆரம்ப நாட்களில், ஒரு கூட்டம் வெஸ்லிக்கென்றே வைத்த பெயரில் 'சாகட்டும்' என்னும் பொருளுள்ள வார்த்தை மூன்று தடவை அடுக்கப்பட்டிருந்தது. கதைப் பையனுக்கு உயிர் கிடையாது. நடித்த பையனுக்கு உண்டு. வில் வீட்டன் 1972-ல் பிறந்தவர். தொடர் துவங்கியபோது வயது பதினைந்து. ஒரு வரி வசனமும் அவர் எழுதியதல்ல. எழுதிக்கொடுத்ததைச் சொன்னார், அடி அவர்மேல் விழுந்தது. 1990-ல் அவர் தொடரை விட்டு விலகினார். 2004-ல் வெளிவந்த 'ஜஸ்ட் எ கீக்' என்ற தம் புத்தகத்தில், அந்த வெறுப்பு தம்மை எவ்வளவு காலம் வாட்டியது என்று எழுதியிருக்கிறார்.

தம்பி தங்கைகளே, நாடகம் பிடிக்காவிட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். எழுத்து ஏன் சரியில்லை என்று காரணமும் சொல்லுங்கள். ஆனால் நடித்தவர் வேறு, பாத்திரம் வேறு. திரையில் தெரியும் பிள்ளை, காட்சி முடிந்ததும் உங்களைப்போல வீட்டுக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளை.

'மேரி சூ' என்ற பெயருக்கும் இதேபோல் ஒரு துஷ்பிரயோகம் நேர்ந்தது. முதலில் அது தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்வதற்கான பெயர். பின்னாளில் கெட்டிக்காரியான எந்தப் பெண் பாத்திரம் வந்தாலும் அடிக்கிற தடியாயிற்று. இந்த ரசிகைகளை ஆராய்ந்து கமில் பேக்கன்-ஸ்மித் என்ற அம்மாள் 1992-ல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பட்டம் கிடைத்துவிடுமே என்ற பயத்தால், எழுதுகிற பெண்கள் வலிமையுள்ள பெண்ணைப் படைக்கவே தயங்கினார்கள் என்பது அதில் காணும் செய்திகளில் ஒன்று. கிர்க் தலைவரும் சண்டைதோறும் ஜெயித்தார், கண்ட பெண்களெல்லாம் அவரிடம் மயங்கினார்கள். அவரை யாரும் அப்படிக் கேலி செய்ததில்லையே என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் குறையில்லாத பையனைத் திருத்த வழி என்ன? அவனைக் கெட்டவனாக்குவதா? தொடரின் எழுத்தாளர்கள் மெல்ல மெல்ல வேறு வழி கண்டார்கள். 1989-ல் மூன்றாம் பருவத்தின் முதல் கதையில், ராத்திரி முழுதும் ஆராய்ச்சி செய்து களைத்துத் தூங்கிப்போன வெஸ்லியின் அசட்டையால், கண்ணுக்குத் தெரியாத நுண் இயந்திரங்கள் தப்பிக் கப்பலையே ஆபத்தில் ஆழ்த்துகின்றன. அது ஒரு தொடக்கம். முழுமையான மாற்றமோ, வீட்டன் விலகிய பின்பு, 1992 மார்ச்சில் விருந்தாளியாகத் திரும்பிவந்து நடித்த ஒரு கதையில்தான் காணக் கிடைத்தது. 'முதற் கடமை' என்று அதன் தலைப்புக்குப் பொருள்.

வெஸ்லி இப்போது பயிற்சிக் கழகத்து மாணவன். பேர்பெற்ற ஐவர் விமானக் குழுவில் ஒருவன். சனிக் கிரகத்தருகே பயிற்சி செய்கையில் விமானங்கள் மோதுகின்றன. நாலுபேர் தப்புகிறார்கள். ஜோஷுவா என்பவன் செத்துப்போகிறான். விசாரணை நடக்கிறது. நாலுபேரும் ஒரே வாயாய்ப் பேச ஏற்பாடு. ஜோஷுவா பதறிப்போனதே விபத்துக்குக் காரணம் என்று பழி இறந்தவன் தலையில் ஏறுகிறது. உண்மை வேறு. நூறு வருஷத்துக்கு முன்பே மாணவர்கள் உயிரைக் குடித்துத் தடை செய்யப்பட்ட ஒரு சாகசத்தை, பட்டமளிப்பு விழாவில் கைதட்டல் வாங்குவதற்காக இரகசியமாய்ப் பழகியிருந்தார்கள். குழுவின் தலைவன் சொன்னான், மற்றவர்கள் சம்மதித்தார்கள், வெஸ்லியும் சம்மதித்தான்.

அதில் ஒரு காட்சி. இறந்த பையனின் தகப்பன் வெஸ்லியின் அறைக்கு வருகிறார். மகனுடைய சாமான்களுக்குள் இருந்த, வெஸ்லி இரவல் கொடுத்த கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கிறார். பிறகு, தம் மகனால் குழுவுக்கு இப்படி நேர்ந்ததே என்று வெஸ்லியிடம் மன்னிப்புக் கேட்கிறார்! பையன் அந்தச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உண்மை சொல்ல வாய் வரவில்லை. அஞ்சு வருஷமாய் அவனைப் பிடிக்காமலிருந்தவர்களும் இந்த இடத்தில் அவனுக்காக மனம் பதைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பொய் சொல்லிவிட்டுக் குறுகி நிற்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். கப்பலைத் தனியாய்க் காப்பாற்றுவது எப்படி என்று ஒருவருக்கும் தெரியாது. நமது சுவிசேஷகர்கள் இராயப்பருடைய மறுதலிப்பையும் அழுகையையும் மறைக்காமல் எழுதிவைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிக்கார்ட் விஷயத்தை ஊகித்து அவனைத் தம்மிடம் அழைக்கிறார். நீ சொல், இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்கிறார். விசாரணை மன்றத்தில், தோழர்கள் முன்னிலையில், வெஸ்லி எழுந்து உண்மையைச் சொல்லுகிறான். குழுத் தலைவன் பொறுப்பைத் தன்மேல் ஏற்று வெளியேற்றப்படுகிறான். வெஸ்லிக்கு மன்னிப்பு மாலையும் இல்லை, மெச்சுதலும் இல்லை. ஒரு வருஷப் படிப்பு ரத்தாகிறது; கூடப் படித்தவர்கள் மேலே போக, அவன் அதே வகுப்பில் மறுபடியும் உட்கார வேண்டும். வளாகத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். அதோடே அங்கேயே இருக்கவேண்டும்.

இந்தக் கதையில் இன்னொருவரும் உண்டு: கழகத்துத் தோட்டத்தைப் பராமரிக்கிற பூத்பி என்னும் முதியவர். பிக்கார்ட் அவரைத் தேடிப் போகிறார். தாம் மாணவராய் இருந்த காலத்தில் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டதையும், அப்போது சரியானதைச் செய்யும்படி நெருக்கியவர் இந்தத் தோட்டக்காரரே என்பதையும் நினைவுகூர்ந்து, இத்தனை வருஷம் கழித்து அவருக்கு நன்றி சொல்லுகிறார். அந்தத் தப்பு இன்னதென்று கதை நமக்குச் சொல்லுவதில்லை. கிழவர், தமக்கும் அது ஞாபகம் இருக்கிறது என்பதுபோலப் பேசிவிட்டு, தம் செடிகளைக் கவனிக்கப் போய்விடுகிறார்.