கேஸ் அடிப்பதற்கு முன்னால்: பழைய கார் ஏ.சி.யைச் சோதிக்கும் வழி

பழைய காரில் ஏ.சி. குளிரவில்லை என்று கடையில் போய் நின்றால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: “கேஸ் போயிருக்கும் சார், அடிச்சிடலாம்.” சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. வீட்டு ஃபிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடம் அதே கேஸில் ஓடுகிறது. காரில் ரப்பர் ஹோஸும், கம்ப்ரஸர் ஷாஃப்டைச் சுற்றி ஒரு சீலும் இருப்பதால் வருடக்கணக்கில் துளித்துளியாகக் கசியும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே கோடையில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் அடிக்கிற கேஸ் அடுத்த வெயிலுக்குள் காற்றோடு போய்விடும்.

ஸென், எஸ்டீம், சான்ட்ரோ, முதல் தலைமுறை ஆல்டோ மாதிரி பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரும் மேக்னடிக் கிளட்ச்சும் உள்ள வண்டிகளுக்கானது இந்த வழிமுறை. காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடியுங்கள். டாஷ்போர்டைக் கழற்றும் பேச்சு கடைசியில் வரட்டும். இன்ஜின் ஓடும்போது வேட்டி நுனி, துப்பட்டா, தொளதொளச் சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் இன்ஜினை நிறுத்திய பிறகும் திடீரென்று சுற்றும்.

முதலில் காற்று

புளோயரை ஒவ்வொரு ஸ்பீடாக மாற்றிப் பாருங்கள். எதிலுமே காற்று இல்லையென்றால் ஃப்யூஸ் அல்லது மோட்டார். கடைசி ஸ்பீடில் மட்டும் வருகிறதென்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது, சின்னச் செலவு. மோட்டார் இரைகிறது, காற்று மட்டும் மெலிவாக வருகிறதென்றால் கூலிங் காயிலில் தூசி அடைத்திருக்கும். பழைய சிறிய கார்கள் பலவற்றில் கேபின் ஃபில்டரே கிடையாது. தெருப் புழுதி, காய்ந்த இலை எல்லாம் நேராகக் காயிலில் போய் அப்பிக்கொள்ளும்.

கிளம்பியதும் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்று குறைந்துகொண்டே போனால் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏ.சி.யை அணைத்துப் புளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓட விடுங்கள். காற்று பழையபடி வந்தால் தெர்மிஸ்டரையோ தெர்மோஸ்டாட்டையோ மாற்றச் சொல்லுங்கள்.

கிளட்ச் பிடிக்கிறதா?

பாதிக் கதை இங்கேதான் முடிகிறது. இன்ஜினை ஓடவிட்டு கம்ப்ரஸரின் முகப்பைப் பாருங்கள். வெளி வட்டமான புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் உள்ள தட்டு சும்மா நிற்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏ.சி. பட்டனை அழுத்தியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம், உடனே தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றினால் மின்சாரப் பக்கம் சரி. தட்டு சுற்றும்போது பெல்ட் கிறீச்சிட்டால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள்.

தட்டு அசையவில்லையா? ஏ.சி. ஃப்யூஸைப் பாருங்கள். ரிலேவைக் கழற்றி, அதே எண் போட்ட ஹார்ன் ரிலேவை அங்கே செருகிப் பாருங்கள். அப்புறம் கம்ப்ரஸருக்குப் போகும் ஒயர். எலி கடித்திருப்பது நம் ஊரில் அபூர்வம் இல்லை. பட்டன் அழுத்திய நிலையில் கிளட்ச் ஒயரில் டெஸ்ட் லாம்ப் எரிந்தும் தட்டு பிடிக்காவிட்டால் கிளட்ச்சில் குறை. மல்டிமீட்டர் இருந்தால் கிளட்ச் காயிலை அளங்கள்: பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 4 ஓம் காட்டும். முள் அசையவே இல்லையென்றால் காயில் அறுந்துவிட்டது.

இதில் ஏமாற்றுகிற குறை ஒன்று உண்டு. காலையில் நன்றாகக் குளிரும். மதிய வெயிலில் சிறிது தூரம் போனதும் நின்றுவிடும். நிழலில் ஆற விட்டால் மறுபடி வேலை செய்யும். இதற்கு கேஸ் அடித்தவர்கள், கம்ப்ரஸரையே மாற்றியவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி தேய்ந்து தேய்ந்து கூடிவிட்டது என்பதுதான் பல நேரம் விஷயம். சூடானதும் காயிலின் காந்த பலம் குறைகிறது. அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடிவதில்லை. இன்ஜினை நிறுத்தி ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். சுமார் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கலாம், 1 மி.மீ. நெருங்கிவிட்டால் தட்டைக் கழற்றி உள்ளே உள்ள ஷிம் வளையம் ஒன்றை எடுத்துவிட்டு மாட்டினால் போதும்.

டெஸ்ட் லாம்ப் எரியவே இல்லையென்றால் பிரஷர் ஸ்விட்ச் தடுத்திருக்கலாம். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை ஓட விடாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. இங்கே சில எலக்ட்ரீஷியன்கள் ஸ்விட்ச்சைத் தாண்டி ஒயரைச் சேர்த்து, “டைரக்ட் குடுத்துட்டேன், இனி பிரச்சினை வராது” என்பார்கள். விடாதீர்கள். கம்ப்ரஸருக்குள் ஆயில் சுற்றி வருவது கேஸோடு கலந்துதான். கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் ஜாம் ஆகும். அப்படி உடைந்த உலோகத் தூள், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் வரை பரவிவிட்டால், சிஸ்டத்தைக் கழுவி, ஈரம் உறிஞ்சும் டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் மாற்றாமல் புதுக் கம்ப்ரஸரும் தாங்காது.

கிளட்ச் பிடித்தும் குளிரவில்லை

ஓட்டும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெதுவெதுப்பாகிறதா? கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள், ஏ.சி. போட்டதும் அது சுற்ற வேண்டும். பிறகு கண்டென்சரின் இடுக்குகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் தண்ணீரைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய ஃபின்கள் மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீரே போதும்.

ஹீட்டரை நாம் ஆண்டு முழுக்கத் தொடுவதே இல்லை. அதனால் ஹீட்டர் வால்வு கேபிள் இறுகியோ வால்வு முழுதாக மூடாமலோ இருந்தால் தெரியாது. ஒரு பக்கம் ஏ.சி. குளிரூட்ட, மறுபக்கம் இன்ஜினின் வெந்நீர் சூடேற்றிக்கொண்டிருக்கும். லீவரைக் குளிர் பக்கம் வைத்து, வால்வைத் தாண்டி உள்ளே போகும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கொதித்தால் மூலம் அங்கே.

அடுத்து ஏ.சி. பைப்புகள். ஏ.சி. ஐந்து நிமிடம் ஓடிய பிறகு கூலிங் காயிலிலிருந்து திரும்பி வரும் தடித்த பைப் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். உள்ளே போகும் மெல்லிய பைப் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரஸரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் பைப்பை மட்டும் தொடாதீர்கள், சுட்டுவிடும். தடித்த பைப் குளிரவே இல்லையென்றால் கேஸ் குறைவு என்று இப்போதுதான் சந்தேகப்பட வேண்டும்.

லீக்கைத் தேடுங்கள்

கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசியும். அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்த பிசுக்காக உட்காரும். பைப் ஜாயின்ட்டுகள், கல்லடி படும் கண்டென்சர் முகப்பு, கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் பின்னால் உள்ள பகுதி, இவற்றை விரலால் தடவிப் பாருங்கள். சர்வீஸ் வால்வுகளின் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி தொலைந்த வால்விலேயே கசிவதுண்டு. ஏ.சி. தண்ணீர் சொட்டும் குழாய் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கூலிங் காயிலே ஓட்டை. டாஷ்போர்டு இறங்க வேண்டியிருக்கும், கூலியும் கூடும். அந்தக் குழாயில் தண்ணீரே வராமல் முன் சீட்டுக் கால் பக்கம் மேட் நனைந்தால் குழாய் அடைப்பு மட்டும்தான்.

கடையில் என்ன கேட்பது

இனி கேஜ் உள்ள மெக்கானிக்கிடம் போகலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது தாழ் அழுத்தப் பக்கம், உயர் அழுத்தப் பக்கம் இரண்டின் முள்ளும் ஒரே அளவில் நிற்கும். ஆர்-134ஏ கேஸ் என்றால் 30 டிகிரி வெப்பத்தில் 95 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல். 35 டிகிரியில் 115-க்கு அருகே. அதற்கு வெகு கீழே என்றால் கேஸ் ஏறக்குறையக் காலி. ஓடும்போது இரண்டு முள்ளும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. தாழ் அழுத்தப் பக்க முள் வேக்குவம் வரை போனால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. தாழ வேண்டியது ஏறி, ஏற வேண்டியது தாழ்ந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். இரண்டும் ஏறினால் கேஸ் அதிகம், அல்லது கண்டென்சரில் காற்றோட்டம் இல்லை.

லீக் பார்க்க நைட்ரஜன் அடித்துச் சோப்பு நுரை போடச் சொல்லுங்கள். ஓட்டையை அடைத்த பிறகு சிஸ்டம் வெகுநாள் திறந்து கிடந்திருந்தால் டிரையரை மாற்றுங்கள். கழற்றிய ஜாயின்ட்டுகளுக்குப் புது ஓ-ரிங். வேக்குவம் பம்ப் அரை மணிக்குக் குறையாமல் ஓடட்டும். நிறுத்தியபின் முள் கீழேயே நிற்கிறதா என்று நின்று பாருங்கள். இந்த ஒரு படியைச் சுருக்குகிற கடைகள் நிறைய. உள்ளே தங்கும் ஈரம் வால்வில் உறைந்து, ஒரு வாரத்தில் குளிர் விட்டுவிட்டு வரும்.

கேஸின் அளவைக் கிராமில் எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்; பானெட் அடியிலுள்ள ஸ்டிக்கரில் அளவு இருக்கும், சிறிய கார்களில் அரைக் கிலோவுக்கு முன்பின். தொண்ணூறுகளின் வண்டியில் ஆர்-12 என்று எழுதியிருந்தால் ஆர்-134ஏ-வை அப்படியே ஏற்ற முடியாது. பழைய மினரல் ஆயிலைக் கழுவி எடுத்து, டிரையரும் ஓ-ரிங்கும் மாற்றி, பொருந்தும் ஆயில் ஊற்றி, ஸ்டிக்கரில் உள்ள எடைக்குச் சற்றுக் குறைவாக ஏற்ற வேண்டும். விலை குறைவென்று சமையல் கேஸ் வகையைச் சேர்ந்ததை ஏற்றுகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளிரும், ஆனால் கூலிங் காயில் கசிந்தால் எரிகிற வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வரும். ஆர்-134ஏ-வையும் திறந்து காற்றில் விடக் கூடாது. கொதிநிலை மைனஸ் 26 டிகிரி என்பதால் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

பில் வாங்கும்போது ஏற்றிய கேஸின் எடை, போட்ட ஆயிலின் பெயர், மாற்றிய பாகங்கள் மூன்றையும் எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வேறு கடைக்குப் போனால் அந்தச் சீட்டிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டியிருக்கும். மழைக்காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஏ.சி.யைப் போடுங்கள், ஷாஃப்ட் சீலில் ஆயில் காயாமல் இருக்கும்.