ஸ்லைடரைக் குனிந்து பார்த்து வாங்குங்கள்

கேள்வி: என்னிடம் 2018 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் இருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டம். தோட்டத்துக்குள் போக ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் பாறைகள் இடம் மாறிக் கிடக்கும். போன மாதம் வண்டி நடு ஓடையில் பாறை மேல் உட்கார்ந்துவிட்டது. ஃபுட்போர்டு மேலே மடங்கி, பின் கதவைத் திறக்க முடியவில்லை. டிங்கர் வேலைக்கே நல்ல செலவு. இப்போது ராக் ஸ்லைடர் போடலாம் என்று இருக்கிறேன். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர், “சேஸியிலேயே வெல்டு வைத்துவிடலாம், ஆயுசுக்கும் அசையாது” என்கிறார். ரெடிமேடாக வருவது போல்ட் போடுகிற மாதிரி; விலை பல மடங்கு. எதை எடுப்பது? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏறி இறங்கப் படியும் வேண்டும்.
— ஒரு வாசகர், வத்தலக்குண்டு

பதில்: உங்கள் ஃபுட்போர்டைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஆளின் எடையைத் தாங்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மெல்லிய பிராக்கெட்டில் தொங்கும் அதன் மேல் ஏறத்தாழ இரண்டு டன் வண்டி இறங்கினால் அது மடங்கி, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டையும் சேர்த்து நசுக்கும். ஸ்லைடரின் வேலை அந்த எடையைப் பாடிப் பக்கம் விடாமல் நேரே சேஸிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

உங்கள் வண்டிக்கு அது தேவைதான். வி-கிராஸின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 3095 மி.மீ. மூன்று கதவு தாரில் அது 2450 மி.மீ. மட்டுமே. தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தாலும், நீளமான வயிறுதான் முதலில் பாறையில் தட்டும். (அவினாசி ரோட்டைத் தாண்டாத வண்டிகளிலும் இப்போது ஸ்லைடர் மின்னுகிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 40, 50 கிலோவைச் சுமந்துகொண்டு டீசல் எரிப்பது அவரவர் விருப்பம்.)

கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெளியே தெரியும் பைப்பைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் கீழே குனிந்து, பைப்பையும் சேஸியையும் இணைக்கும் கால்களைப் பாருங்கள். பைப் சேஸியிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி நிற்கிறது. வண்டியின் ஒரு பக்கத்து எடை, அதாவது கிட்டத்தட்ட ஒரு டன், அந்த முனையில் ஏறினால் காலின் வேரில் விழும் முறுக்கு சுமார் 3000 நியூட்டன் மீட்டர். மெதுவாக உட்கார்ந்தால் இந்தக் கணக்கு. பொத்தென்று விழுந்தால் இதைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பகிர்ந்துகொள்ள ஒரு பக்கத்துக்கு மூன்று கால்களாவது வேண்டும்; உங்கள் நீளத்துக்கு நான்கு இருந்தால் நிம்மதி. இரண்டு காலில் நிற்கும் எதையும், அதை யார் விற்றாலும், ஸ்லைடர் என்று நம்பி வாங்காதீர்கள்.

போல்ட் அறுந்துவிடும் என்றுதான் பலருக்கும் பயம். 8.8 கிரேடு எம்12 போல்ட் ஒன்று ஏறத்தாழ ஐந்து டன் இழுவைக்கு நீளாமல் நிற்கும். முதலில் தோற்பது போல்ட் அல்ல, அது பிடித்திருக்கும் சேஸியின் சுவர். போல்ட் தலைக்கு அடியில் சின்ன வாஷர் மட்டும் இருந்தால் அந்த இடம் குழிந்துவிடும். அதனால் ஒவ்வொரு காலின் வேரிலும் 6 மி.மீ. பிளேட் ஒன்று, உள்ளங்கையை விடப் பெரிதாக, சேஸியின் பக்கவாட்டில் முழுதாகப் படிந்து உட்கார வேண்டும். இழுவையை அது ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்பும்.

இனி உங்கள் பட்டறைக்காரர் சொன்னது. நன்றாக வைத்த வெல்டு பலமானதுதான். பாறை ஏறுவதற்கென்றே வண்டி வைத்திருப்பவர்கள் சேஸியில் வெல்டு வைத்துத்தான் ஸ்லைடர் போடுகிறார்கள். உங்களுடையது அப்படிப்பட்ட வண்டி இல்லை. காபி மூட்டை ஏற்றி மலை இறங்குகிற வண்டி. சுமை ஏறும்போதெல்லாம் சேஸி கொஞ்சம் வளைந்து நிமிரும். வெல்டு ஓரத்தில் சூடு பட்ட இரும்பின் குணம் மாறியிருப்பதால், இந்த வளைவு நிமிர்வில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சேஸியின் குறுக்கே மேலிருந்து கீழாக இழுத்த வெல்டு என்றால் இன்னும் மோசம். உள்பக்கப் பெயிண்டும் எரிந்துபோகும். அங்கே பிடிக்கும் துரு, ஓட்டை விழும் வரை கண்ணில் படாது. அதனால் என் ஓட்டு போல்டுக்கு.

அதற்காக விலை அதிகமானதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. அதே பட்டறைக்காரரிடமே செய்யச் சொல்லுங்கள். ஆனால் வெல்டு முழுவதும் மேசை மேல் நடக்கட்டும், சேஸியில் ஒரு பொட்டுகூட வேண்டாம். கம்பெனி சேஸியில் ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளை அளந்து, அட்டையில் வெட்டிப் பார்த்து, அதற்கேற்றபடி பிளேட்டில் துளை போடச் சொல்லுங்கள். புதுத் துளை போட்டே ஆகவேண்டும் என்றால் சேஸியின் பக்கச் சுவரில், உயரத்தின் நடுவில் மட்டும் போடலாம். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் டிரில் வைக்கவே கூடாது. வளைவின் பாரம் முழுவதும் அங்கேதான். பெட்டி வடிவச் சேஸியின் இரண்டு சுவரையும் துளைத்து நீள போல்ட் போடுவதாக இருந்தால், உள்ளே அளவாக வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி அதன் வழியாக போல்டை விட வேண்டும். இல்லாவிட்டால் முடுக்க முடுக்கச் சேஸியே நசுங்கும். பட்டறையில் “அதெல்லாம் வேண்டாம் சார்” என்று சொன்னால், வேறு பட்டறை பாருங்கள்.

பைப் விஷயம் சுலபம். ஹார்டுவேர் கடையில் ஐ.எஸ். 1239 பைப் கேளுங்கள். ஒன்றரை இஞ்ச் என்று அவர்கள் சொல்வதன் வெளி விட்டம் 48.3 மி.மீ. நீலக் கோடு போட்டது பி கிளாஸ், சுவர் 3.2 மி.மீ.; சிவப்புக் கோடு சி கிளாஸ், 4 மி.மீ. மீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான வித்தியாசம்தான், சிவப்பையே எடுங்கள். மஞ்சள் கோடு ஏ கிளாஸ், இந்த வேலைக்கு ஆகாது. கால்களுக்கு 4 மி.மீ. சதுரக் குழாய், கால் பிளேட்டைத் தொடும் மூலையில் முக்கோணத் துண்டு வைத்து, சுற்றிலும் விடாமல் வெல்டு. மிக் வெல்டிங் இருந்தால் நல்லது. ராடு என்றால் 7018, அதுவும் ஈரம் படாமல் வைத்திருந்தது. எடை குறைவு என்று அலுமினியத்துக்கு ஆசைப்படாதீர்கள். பாறை அதில் கடித்துப் பிடித்துக்கொள்ளும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும்.

ரெடிமேடுதான் வேண்டும் என்றாலும் சரி, ஒரு எச்சரிக்கை. 2019-இல் தாய்லாந்தில் வந்த புதுத் தலைமுறை டி-மேக்ஸுக்கான ஸ்லைடர் உங்கள் வண்டிக்குச் சேராது. ‘டி-மேக்ஸ்’ என்ற பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போடாமல் தலைமுறையைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் படிக்கு வருவோம். ஸ்லைடரை வெளிப்பக்கமாகச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால் பாறைக்கு நல்லது, கதவு ஓரத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் சாய்ந்த உருளைப் பைப்பில் மழைக்காலத்தில் முழங்கால் வலிக்காரர் கால் வைக்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மட்டமாகவே வைத்து, உள் பைப்புக்கும் வெளி பைப்புக்கும் நடுவே சொரசொரப்பான செக்கர் தகடு அடிப்பேன். ஓடையில் இரண்டு விரல் உயரம் இழப்போம், போகட்டும். வெளிப்பைப்பின் பின் முனையை மட்டும் கொஞ்சம் வெளியே வளைத்துவிடச் சொல்லுங்கள்; திருப்பத்தில் மரமோ பாறையோ உரசும்போது வண்டியின் பின்பாகத்தை அது தள்ளி விலக்கும். கதவின் அகலத்தைத் தாண்டி ரொம்பத் துருத்தவும் வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது இடைவெளி. உங்கள் பாடி சேஸி மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது, ஓடையில் அது தனியாக அசையும்; ஸ்லைடரும் பாரத்தில் லேசாக மேலே வளையும். இரண்டுக்கும் நடுவே 20 மி.மீ. ஆவது விடுங்கள். அழகுக்காக ஒட்டி வைத்தால் பழைய ஃபுட்போர்டு கதைதான். சேஸியின் உள்பக்கம் பிரேக் குழாய், டீசல் குழாய், வயரிங் ஓடும். டிரில் வைப்பதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். அளவு பிடிக்க வண்டியில் வைத்து பிளேட்டுக்கும் காலுக்கும் பொட்டு வெல்டு வைப்பதாக இருந்தால், பேட்டரியின் நெகடிவ் கழன்றிருக்க வேண்டும், எர்த் கிளாம்ப் அந்தக் காலிலேயே பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.எம். போய்விட வாய்ப்புண்டு. எல்லா போல்டையும் கையால் தளர்வாகக் கோத்து, மட்டம் பார்த்து, பிறகு நைலாக் நட்டு போட்டு டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். எம்12-க்கு 80 நியூட்டன் மீட்டர் அளவில் போதும். 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள்.

மாட்டி முடித்ததும் பட்டறையிலேயே ஒரு சோதனை. ஸ்லைடரின் நடுவில் ஜாக்கி வைத்து, அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும் வரை தூக்கச் சொல்லுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்கட்டும், யாரும் அடியில் போக வேண்டாம். பாடியைத் தொடாமல் நின்று, இறக்கியதும் பழைய இடைவெளி திரும்பினால் காசு கொடுக்கலாம்.

பவுடர் கோட்டிங் வேண்டாம். பாறை உரசிப் பெயர்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்து அடியிலேயே துருவை வளர்க்கும். சிங்க் பிரைமர், மேலே சாதாரண கறுப்புப் பெயிண்ட். கீறல் விழுந்தால் நீங்களே ஸ்ப்ரே அடித்துக்கொள்ளலாம். பைப் முனைகளை மூடி, அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளை விடச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தப் பிரிவைச் சுட்டித்தான் கிராஷ் கார்டு, புல் பார் மீது நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. கழற்றக்கூடிய ஸ்லைடர் என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. பார்க்கும்போது கேள்வி வந்தாலும் ஒரு ஸ்பானரில் தீரும். வெல்டு வைத்ததற்கு கேஸ் கட்டர்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.