அணைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்களுக்கு

முழுப்பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளை முதன்முதலாக வைகை அணைப் பக்கம் கூட்டிப்போக நினைக்கும் இளம் தாய் தகப்பன்மாருக்கு, ஆண்டிபட்டிப் பக்கத்தில் பிறந்து, கோடை லீவையெல்லாம் அணைக்கரையிலும் மாமன் வீட்டு மொட்டை மாடியிலும் கழித்தவன் சொல்வது.

1. ஒரு நாளைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். காலையில் கும்பக்கரை அருவி, மதியம் அணை, சாயங்காலம் சுருளி அருவி என்று பட்டியல் போட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். பிள்ளைகள் பாதி ஊரைக் காரில் தூங்கியே கடக்கின்றன. எங்களுக்குக் கடைசி பஸ் வரும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டிய நிலைமை. அப்படிக் கிடந்ததில்தான் ஓணான் விரட்டினோம், சித்தி மகனோடு சண்டை பிடித்தோம், பசி வந்து ராசியானோம். ‘போரடிக்குது’ என்று பிள்ளை சிணுங்கினால் உடனே போனை எடுத்து நீட்டாதீர்கள். கொஞ்சம் சும்மா விட்டால் அதுவே ஒரு குச்சியைத் தேடி எடுத்துக்கொள்ளும்.

2. மே மாதத்தில் அணை ததும்பி நிற்கும் என்று ஆசை காட்டாதீர்கள். அநேக வருஷம் தண்ணீர் உள்ளே போயிருக்கும். முழு அளவு 71 அடி. மழைக்காலத்தில் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்து ஆற்றங்கரைக்காரர்களும் அந்த எண்களுக்குக் காது கொடுத்திருப்பார்கள். புறப்படும் நாளில் செய்தித்தாளைப் பார்த்து நீர்மட்டத்தைச் சொல்லும் வேலையை மூத்த பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். அணைக்குப் போனதும் அது முதலில் பார்ப்பது பூங்கா ஊஞ்சலாக இருக்காது.

3. முடிந்தால் மதுரையிலிருந்து ரயிலில் வாருங்கள். மீட்டர் கேஜ் தண்டவாளத்தை அகலமாக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில், தேனிக்கு 2022-லும் போடிக்கு 2023-லும்தான் திரும்ப வந்தது. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடக்கும்போது ஜன்னலோரம் பிள்ளைக்கு.

4. வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். ‘அவங்களால நடக்க முடியாது’ என்று சொல்லி விட்டுவிட்டு வருகிறீர்களே, அவர்கள் நடக்கவா வருகிறார்கள்? 1959 ஜனவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது திறந்த அணை இது. தண்ணீர் தேங்கும் இடத்தில் அதற்கு முன்னால் ஊர்கள் இருந்தன. கவிஞர் வைரமுத்து பிறந்த மேட்டூர் என்ற கிராமமும் அப்படிப் போனதுதான். அவர் குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. இந்தக் கதையைத்தான் ‘கள்ளிக்காட்டு இதிகாச’மாக எழுதி 2003-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார்.

என் பெரியம்மா வாக்கப்பட்டுப் போனதும் அப்படி ஓர் ஊருக்கு. நாங்கள் பூங்காவில் ஓடி விளையாடுவோம். அவர் மட்டும் அணைமேல் நின்று தண்ணீருக்கு நடுவே கையை நீட்டி, ‘அந்தா, அங்கனதான் எங்க கெணறு. அதுக்கு மேக்கால புளியமரம். அதுக்கு அங்கிட்டு உங்க பெரியப்பன் கமலை ஓட்டுன பாதை’ என்பார். எங்களுக்கு வெறும் தண்ணீர்தான் தெரியும். ஒவ்வொரு கோடைக்கும் அதே கை, அதே கிணறு. ஒரு தடவை என் தங்கை, ‘நீச்சலடிச்சுப் போனா கெணத்துல தண்ணி எடுக்கலாமா பெரிம்மா?’ என்று கேட்டாள். பெரியம்மா சிரித்துவிட்டு, ‘இப்ப மருதக்காரவுக குடிக்கிறாகள்ல, அது நம்ம கெணத்துத் தண்ணியுந்தான்’ என்றார். பூங்காவில் என்னென்ன பூ இருந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

5. தண்ணீர் வந்த வழியைச் சொல்லுங்கள். வருசநாட்டு மலையிலிருந்து வைகை வருகிறது. இன்னொரு பக்கம், மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து, 1895-ல் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார். அது லோயர்கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக்கொடுத்து, கூடலூர், கம்பம், சின்னமனூர் வயல்களை நனைத்து, தேனிப் பக்கம் வைகையில் சேர்ந்து இங்கே வருகிறது. அடுத்த நாள் லோயர்கேம்ப்புக்குப் போய்ப் பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் காட்டுங்கள். போகிற வழியெல்லாம் பன்னீர் திராட்சைப் பந்தல்.

6. சோறு கட்டிக்கொண்டு போங்கள். தயிர்ச்சோற்றுக்குச் சோற்றை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக ஊற்றி, தயிரை ஒரு கரண்டியோடு நிறுத்தினால் மதியம் வரை புளிக்காது. புளிச்சோற்றுக்கு நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. வாழையிலையை அனலில் வாட்டிக் கட்டினால் கிழியாது. தொட்டுக்கொள்ள மாவடு, மோர்மிளகாய். அணைப் பக்கத்தில் பொரிக்கும் ஜிலேபி மீனும் கட்லாவும் வேண்டுமென்றால் வாங்குங்கள், வேண்டாமென்று நான் எப்படிச் சொல்வேன்? விலையை மட்டும் எண்ணெயில் போடுவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

7. இதில் மட்டும் செல்லம் கொடுக்காதீர்கள்: அணைத் தண்ணீரில் பிள்ளையை இறக்கக் கூடாது. கரை மேலே காய்ந்து, அடியில் சகதியாக இருக்கும். வைத்த காலை எடுக்க முடியாது. அருவியிலும் கவனம் வேண்டும்: கும்பக்கரையில் வெயில் அடிக்கும்போதே கொடைக்கானல் மலையில் மழை பெய்திருக்கும், வெள்ளம் சொல்லாமல் வரும். வனத்துறைக்காரர் ஏறச் சொன்னால் சட்டை மாற்றக்கூட நிற்காமல் ஏறுங்கள்.

காட்டுக்குள் கூடாரம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தேதி சொல்கிறேன். 2018 மார்ச் 11. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடையில் இந்த மலைப் புல் தீப்பெட்டிக்காகக் காத்திருக்கும். அனுமதி இல்லாமல் போகாதீர்கள், அனுமதி இருந்தாலும் வெக்கைக் காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம்.

8. ராத்தங்கலுக்குச் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடி போதும். வெயில் தாழ்ந்ததும் நாலு வாளித் தண்ணீர் ஊற்றிச் சூட்டை இறக்கி, பாயை விரித்து, பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவையுங்கள். யாருக்கு ஓரம் என்ற சண்டையில் தலையிட வேண்டாம். சித்திரைக் கடைசியில் வந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவும் சேர்ந்துகொள்ளும். அங்கே முல்லையாற்றங்கரையில் ராத்திரி முழுக்கச் சனம் விழித்திருக்கும். பிள்ளைகளும் அன்றைக்குத் தூங்காமல் இருந்துவிட்டுப் போகட்டும். ராட்டினத்துக்குக் கொடுக்கும் காசை மட்டும் மொத்தமாகக் கையில் கொடுத்து, ‘இதுக்கு மேல கிடையாது’ என்று சொல்லிவிடுங்கள்.

9. திரும்பும்போது பெரியகுளத்தில் மாம்பழம் வாங்கினால் பாதி காயாகப் பார்த்து வாங்குங்கள். கூடையைக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். அந்த வெக்கைக்கு வீடு போய்ச் சேருமுன் அத்தனையும் கொழகொழவென்று ஆகிவிடும். பிள்ளைகள் காலடியில் வையுங்கள். இரண்டு குறையும், குறைந்தால் என்ன?