பதினோரு மணிக்கு வரும் அழைப்பு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. உனக்குச் சிறுசேரிக்கும் மாப்பிள்ளைக்குக் கிண்டிக்கும் மாற்றல் உறுதியாகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். மதினி ஆட்டுரலையும் லாரியில் ஏற்றலாமா என்று கேட்டார். அதை மட்டும் பாளையங்கோட்டையிலேயே விட்டுவிடச் சொல்.

நீ அனுப்பிய வீட்டுப் பட்டியலைப் பார்த்தேன். நாவலூர், மேடவாக்கம், கேளம்பாக்கம், குரோம்பேட்டை. ஒவ்வொன்றுக்கும் நேரே வாடகை, சதுர அடி, படுக்கையறை எத்தனை, நீச்சல்குளம் உண்டா இல்லையா. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் பேத்தியின் பள்ளிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை. வீடு முடிந்ததும் பக்கத்தில் ஏதாவது பள்ளி பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரிசையைத் திருப்பிப் போடு.

எந்தப் பள்ளி அலுவலகத்திலும் நாள் தவறாமல் நடக்கும் ஒரு காரியம் உண்டு. காலை பதினோரு மணிவாக்கில் ஏதோ ஒரு பிள்ளைக்கு உடம்பு சுடும், அல்லது விளையாட்டில் பல் உடையும். எழுத்தர் சேர்க்கைப் படிவத்தைப் புரட்டி அம்மாவின் எண்ணுக்கு அடிப்பார். எங்கள் பள்ளியில் சில அம்மாக்கள் கால் மணி நேரத்தில் வந்து நிற்பார்கள். சிலர் அழுதுகொண்டே, "டீச்சர், நான் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும்" என்பார்கள். அந்தப் பிள்ளை ஆசிரியர் அறை பெஞ்சில் படுத்திருக்கும். வீடு தேடும்போது யாரும் இந்தப் பதினோரு மணியை நினைப்பதில்லை. காலை எட்டரை மணி நெரிசலைத்தான் நினைக்கிறார்கள்.

ஆகவே முதல் கேள்வி எந்த ஏரியா என்பதல்ல. அந்த அழைப்பு வந்தால் உங்கள் இருவரில் யார் போகப் போகிறீர்கள்? அது நீதான் என்று நீயாகவே முடிவுகட்டிவிடாதே. யாருடைய வேலையில் சொல்லிவிட்டு எழுந்து வர முடியும், யாருக்கு வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். உன் மாமியார் கூட வந்து இருப்பதாக இருந்தால் கணக்கே வேறு. அவர்கள் ஆட்டோவில் போய் வரும் தூரத்தில் பள்ளி இருந்தால் போதும். யார் என்று தெரிந்துவிட்டால் அவருடைய அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மற்றவர் கொஞ்சம் தூரம் போகலாம், தவறில்லை.

நீ போவதாக இருந்தால் என் ஓட்டு கேளம்பாக்கம், படூர் பக்கத்துக்கு. சிறுசேரி சிப்காட் அங்கிருந்து கூப்பிடு தூரம். மாப்பிள்ளை வண்டலூர் வரை டூவீலரில் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கலாம். மாப்பிள்ளை போவதாக இருந்தால் குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ரயில் பாதையை ஒட்டியே பாருங்கள். அப்போது நீ கம்பெனி பஸ்ஸில் பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய் வர வேண்டும். இரண்டுமே நடக்கிற காரியம்தான். இருவருக்கும் பொது என்று மேடவாக்கத்தை எடுத்தால், பதினோரு மணிக்கு இருவருமே தூரத்தில் இருப்பீர்கள். நடுவில் இருப்பதாலேயே ஓர் இடம் நல்ல இடம் ஆகிவிடாது.

நாவலூர் தரகர் "மெட்ரோ வரப் போகுது மேடம்" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். சொன்னது பொய்யல்ல. மாதவரத்திலிருந்து சிப்காட் வரை இரண்டாம் கட்ட மெட்ரோவின் ஒரு தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகத்தான் வருகிறது. ஆனால் அது ஓடாத வரைக்கும், நீ வாடகை கொடுப்பது வேலை நடக்கும் சாலைக்குத்தான். இன்றைக்கு ஓடுகிற வண்டியை வைத்து முடிவெடு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகும் பழைய மின்சார ரயிலை இப்போதைய பிள்ளைகள் மதிப்பதில்லை. கூட்டம் நெரியும், உண்மை. ஆனால் வண்டலூரில் ஏறினால் கிண்டியில் எப்போது இறங்குவோம் என்று ஏறும்போதே சொல்லிவிடலாம். சாலையில் அந்த நிச்சயம் கிடையாது, மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

தூரமாக இருந்தாலும் பெரிய வீடு, குறைந்த வாடகை, பழகிவிடும் என்று உன் தோழி சொன்னாளாம். ஆலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃபிரே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனி மக்களிடம் பல ஆண்டுகளாகத் திரட்டிய விவரங்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்து 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட பயணத்தின் தொல்லையை நல்ல சம்பளமோ நல்ல வீடோ ஈடுகட்டிவிடும் என்பது ஏட்டுக் கணக்கு. வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று ஆட்களையே கேட்டபோது, பயண நேரம் கூடக்கூடத் திருப்தி குறைந்துகொண்டே போயிருந்தது. ஜெர்மனி ரயில்களிலேயே இந்தக் கதை என்றால், சோழிங்கநல்லூர் சிக்னலைப் பற்றி நான் என்ன சொல்ல!

பள்ளி வேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பள்ளி ஐந்து கிலோமீட்டர்தான் என்பார்கள். வேன் நேராகப் போகாது, தெருத் தெருவாகப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போகும். உங்கள் வீடு முதல் நிறுத்தமாக இருந்தால் அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதல் பீரியடில் தூங்கி விழும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் நிறுத்தத்துப் பிள்ளைகள்தான் என்பது என் அனுபவம். எனவே கட்டணத்தைக் கேட்பதற்கு முன், வேன் எத்தனையாவது நிறுத்தத்தில் நம் தெருவுக்கு வரும் என்று கேள். உள்ளே ஏறியும் பார். உதவியாளர் இருக்கிறாரா, தரைப் பலகை உறுதியாக இருக்கிறதா என்று கவனி. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகளை அரசு கொண்டுவந்தது. விதி இருந்தாலும் பார்க்க வேண்டிய கண் நம்முடையது. நடந்து போகும் தூரத்தில் சுமாரான பள்ளியும், ஒரு மணி நேரத் தூரத்தில் பெயர் பெற்ற பள்ளியும் இருந்தால், நம் பேத்தி மாதிரி மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் யோசிக்காமல் முதலாவதையே சொல்வேன். ஒன்பதாம் வகுப்பு என்றால் யோசிப்பேன்.

மாநிலப் பாடத்திட்டமா, சிபிஎஸ்இயா என்று ரொம்பக் குழம்பாதே. மூன்றாம் வகுப்பில் மாறுவது பெரிய காரியமில்லை. மாப்பிள்ளைக்கு வேறு மாநிலத்துக்கு மாற்றல் வரும் என்றால் மட்டும் சிபிஎஸ்இ பக்கம் போங்கள். தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டப்படியான 25 சதவீத இடம் நுழைவு வகுப்புக்குத்தான். பேத்தி அதைத் தாண்டிவிட்டாள். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் அதையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய். பார்க்காமலே கழித்துவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

மழையை மறந்துவிட்டு இந்த ஊரில் வீடு பிடிக்க முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியது, 2023 டிசம்பர் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் தத்தளித்தன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தண்ணீர் தன் இடத்துக்கு வந்தது, அவ்வளவுதான். வீட்டுக்காரரிடம் கேட்டால் "நம்ம தெருவுக்கு வரவே வராது" என்பார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேள், மதில் சுவரில் எந்தச் செங்கல் வரை நின்றது என்று காட்டுவார். வீடு மேட்டில் இருந்தாலும் பள்ளிக்குப் போகும் சாலை முழுகுமா என்று தனியாகக் கேட்டுக்கொள். இன்னொரு வேடிக்கை: மழை விடுமுறை விடுவது அந்தந்த மாவட்ட ஆட்சியர். நாவலூர், சிறுசேரி, தாம்பரம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். கிண்டி சென்னை மாவட்டம். பிள்ளைக்கு லீவு, அப்பாவுக்கு ஆபீஸ் என்று சில காலைகள் விடியும்.

குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, லாரித் தண்ணீர் என்றால் மாதம் பராமரிப்புக்கு எவ்வளவு என்று கேட்டுவிடு. பழைய மகாபலிபுரம் சாலை அடுக்குமாடிகளில் வாடகையைவிட இது வயிற்றைக் கலக்கும். அட்வான்ஸ் கொடுத்ததை எழுத்தில் வாங்கிக்கொள். முதல் பதினொரு மாதம் வாடகைக்கே இரு. வங்கிக்காரர்கள் கடன் தருகிறோம் என்று துரத்தினாலும் இப்போது வீடு வாங்காதே.

மாற்றுச் சான்றிதழை இப்போதே கேட்டு வாங்கு, ஆனால் லேமினேட் செய்துவிடாதே. எமிஸ் என்ற மாணவர் பதிவுத் தளத்தில் பேத்தியின் பெயரைப் பழைய பள்ளி காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஆண்டுக் கடைசி வேலைகளில் இதைப் பலர் மறந்துவிடுவார்கள், நீதான் நினைவூட்ட வேண்டும். அரசு, உதவி பெறும் பள்ளிகள் மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. தனியார் பள்ளிகளிடம் அந்தப் பேச்சு எடுபடாது.

அடுத்த ஞாயிறு இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் திங்கள் விடியலில் தாம்பரத்தில் இறங்கலாம். ஞாயிறு பகலில் வந்து வீடு பார்க்க வேண்டாம், அன்றைக்கு எல்லாச் சாலையும் அழகாகத்தான் இருக்கும். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. இங்கே நம் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு அவர் வண்டலூர் போய் எட்டரை மணி ரயிலில் ஏறிக் கிண்டி வரை பார்த்துவரட்டும். நீயும் நானும் பேத்தியோடு கேளம்பாக்கம் போய், பள்ளி விடும் நேரம் வரை வாசலில் நின்று, பிள்ளைகளைக் கூட்டிப் போக யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் அத்தை