தலாக்கோடு முடிவதில்லை தந்தையின் கடமை

நஹ்மதுஹு வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஅத்!



சில நாட்களுக்கு முன் ஒரு வாலிபர் வந்து கேட்டார்: "ஹஜ்ரத், தலாக் முடிஞ்சுட்டு. இத்தா காசும் கொடுத்துட்டேன். பிள்ளையளு அவ உம்மா வீட்ல இருக்கு. இனி நான் எதுக்கு மாசாமாசம் அனுப்பணும்?"

தலாக் கணவன் மனைவி உறவைத்தான் முறிக்கும். வாப்பா பிள்ளை உறவை முறிக்காது.

தலாக் சொல்லப்பட்ட பெண் உங்கள் பிள்ளைக்குப் பாலூட்டினால் அதற்குரிய கூலியைக் கொடுக்கும்படி சூரத்துத் தலாக்கின் 6வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அடுத்த வசனத்தில், வசதியுள்ளவர் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் உள்ளவர் அல்லாஹ் தந்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்கிறான். வருமானம் குறைந்தால் தொகை குறையலாம், கடமை நீங்காது.

ஹிந்த் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம் கணவர் அபூசுஃப்யான் போதுமான செலவு தருவதில்லை என்று முறையிட்டார்கள். அவருக்குத் தெரியாமலேயே, தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது. நஃபகா தர்மமாக இருந்தால், கேட்காமல் எடுக்க அனுமதி கிடைத்திருக்குமா? அது அவர்களின் ஹக்கு!

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களும் கவனியுங்கள். மனைவியரைப் பிரிந்து தூரத்தில் இருந்த வீரர்கள் விஷயமாக உமர் (ரலி) அவர்கள் படைத் தளபதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள்: ஒன்று செலவுக்கு அனுப்பட்டும், அல்லது தலாக் சொல்லட்டும், தலாக் சொன்னால் அதுவரை அனுப்பாமல் விட்டதையும் அனுப்பட்டும் என்று. மனைவிக்குத் தராமல் விட்ட நஃபகா ஷாஃபிஈ மத்ஹபில் கணவன் மீது கடனாகவே நிற்கும். ஹனஃபி மத்ஹபில் காஜியின் தீர்ப்போ இருவரின் ஒப்பந்தமோ இருந்தால் கடனாகும். கடனோடு மவ்த்தானால், சொத்தைப் பங்கிடுமுன் அதைத் தீர்க்க வேண்டும்.

1985 ஷாபானு வழக்கு முதல் 2024 ஜூலை 10 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை, இத்தாவுக்குப் பின் பெண்ணின் ஜீவனாம்சம் பற்றி நடக்கும் விவாதம் தனி. பிள்ளைகள் விஷயத்தில் மார்க்கமும் சட்டமும் ஒரே பக்கம்தான். பிள்ளை மேஜராகும் வரை அல்லது சொந்தக்காலில் நிற்கும் வரை, பெண்பிள்ளை என்றால் திருமணமாகும் வரை முஸ்லிம் தந்தை செலவு தர வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

மேலப்பாளையத்தில் மடியில் பீடித்தட்டை வைத்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலியில் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தைச் சேர்க்கும் தாய்மார்களை நாம் அறிவோம். வாப்பா உயிரோடிருக்க, அவள் ஏன் கோர்ட் படியேற வேண்டும்?

ஜமாஅத் நிர்வாகிகளே! தலாக் பஞ்சாயத்தில் மொத்தமாக ஒரு தொகையை எழுதி முடித்துவிடாதீர்கள். மஹர் எவ்வளவு, இத்தா செலவு எவ்வளவு, பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். எந்தத் தேதியில், எந்த வங்கிக் கணக்கில் என்பதையும் எழுதுங்கள்.

தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பட்டினியில் விடுவதே ஒருவர் பாவியாகப் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அந்தப் பாவத்தை விட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.