சரியான வரிக்கு வரும் எச்சரிக்கை

அன்புள்ள வாசகருக்கு,

பைத்தான் 3.12-க்கு மாறியதிலிருந்து நிரலைச் சோதிக்கும் ஃபிளேக்8 நல்ல வரிகளிலும் ஈ231 (கோலன் போன்ற குறிக்குப் பின் இடைவெளி இல்லை) என்று எச்சரிக்கிறது, அங்கெல்லாம் 'நோக்யூஏ' போட்டு வாயை அடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். வெறும் நோக்யூஏ போட்ட வரியில் நாளைக்கு உண்மையான பிழையே வந்தாலும் கருவி பேசாது. திருத்த வேண்டியது கருவியைத்தான்.

ஃபிளேக்8-க்குள் இந்த விதியைப் பார்ப்பது பைகோட்ஸ்டைல். 2023 அக்டோபரில் 3.12 வரும்வரை நெளிவு அடைப்புக்குள் மதிப்பைப் பொதிக்கும் ஓர் எஃப்-ஸ்டிரிங் முழுவதும் ஒரே டோக்கன். பைகோட்ஸ்டைல் அதன் உள்ளே இருப்பதை எக்ஸ் எழுத்துகளால் மூடிவிட்டுத்தான் விதிகளைச் சோதிக்கும். 3.12 அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்ததும், நெளிவு அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நிரலாகத் தெரிய ஆரம்பித்தது. விலையை இரண்டு தசமத்தில் காட்ட 'விலை:.2எஃப்' என்று எழுதுகிறோமே, அந்தக் கோலனுக்குப் பின் இடைவெளி எங்கே என்று கேட்டது. அதன் பேச்சைக் கேட்டு இடைவெளி விட்டால் வெளியீடே மாறிவிடும்: மிகை எண்ணுக்கு முன்னால் ஒரு வெற்றிடம் வந்து உட்காரும். சரியான நிரலைக் கெடுக்கச் சொல்லும் எச்சரிக்கையை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

பைகோட்ஸ்டைல் 2.11.1-இல் திருத்தம் வந்தது. சில வரிகள்தான், ஆனால் அதன் நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. எஃப்-ஸ்டிரிங்குக்குள் வரும் கோலனை எல்லாம் விட்டுவிடு என்று அது சொல்லவில்லை. திறந்த அடைப்புகளை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு, கோலன் வந்ததும் கடைசி இரண்டை மட்டும் பார்க்கிறது. எஃப்-ஸ்டிரிங், அதை ஒட்டி ஒரு நெளிவு அடைப்பு என்றால் அது எண்ணின் வடிவத்தைச் சொல்லும் கோலன், போகட்டும். உள்ளே ஒரு டிக்ஷனரி இருந்து, அதன் கோலனுக்குப் பின் இடைவெளி இல்லையென்றால் எச்சரிக்கை வரத்தான் செய்யும்.

உங்களுக்கு ஃபிளேக்8-ஐப் புதுப்பித்தாலே போதும். வேறு விதியில் இதே தொல்லை வந்தால், எச்சரிக்கை மறையாத அளவுக்கு அந்த வரியை வெட்டி வெட்டிச் சின்னதாக்குங்கள். பைகோட்ஸ்டைலின் சோதனைக் கோப்புகளில் 'ஓகே' என்ற குறியின் கீழ் எச்சரிக்கை வரக்கூடாத வரிகளும், பிழை எண்ணின் கீழ் வந்தே தீரவேண்டிய வரிகளும் இருக்கும். திருத்தம் எழுதும்போது இரண்டிலும் ஒவ்வொன்று சேருங்கள். முதலாவதை மட்டும் எழுதினால், விதியையே அழித்துவிட்டாலும் சோதனை தேறிவிடும்.

சின்னதாக்கிய வரியை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.